இடர்க்காலத் தூதும் ஆர்வலர் வானொலியும்

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. கடலோரத்தை ஒட்டி வடக்குத் தெற்காகக் கிடக்கும் இந்நீர்நிலை, தன் இருகரை மக்களையும் தொன்றுதொட்டுப் பிரித்தே வைத்துள்ளது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. ஒன்றிற் கடற்றொழிலும் தென்னையும் சிறந்தன; மற்றதில் நெல்வயலும் கால்நடையும் சிறந்தன. இரண்டையும் இணைப்பன சில பாலங்களும், அந்நாட்டார் 'பாதை' என வழங்கும் மிதவைகளுமே. மண்முனைத்துறையிற் பாலம் எழுந்தது 2014ஆம் ஆண்டிலேதான். அதுவரை அங்கே பாதையே ஓடிற்று.

இத்தகைய நிலத்தில் இடர் ஒன்று நேருமாயின் உணவுக்கும் மருந்துக்கும் முன்பாக அறுபடுவது செய்தியே. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி இதனை நன்கு உணர்த்திற்று. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களிற் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. விழுந்த மரங்கள் வீதிகளை அடைத்துக் கிடந்தன; மின்கம்பங்களும் தந்திக்கம்பங்களும் உடன் சாய்ந்தன. அடுத்த கிராமத்தில் எவர் உளர், எவர் இலர் என அறிதற்கு நடந்து போவதன்றி வேறு வழி இல்லாத நிலை அது.

2004 டிசம்பர் 26இன் இடர் வேறுவகையானது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாளுமாகும். அக்கால இலங்கை நேரப்படி காலை 6.59 மணியளவிற் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்நேரம் முழுவதும் நாவலடியிலும் கல்லடியிலும் மக்கள் தத்தம் வீட்டலுவலில் ஈடுபட்டிருந்தனர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றிட்டாகிய நாவலடி பெரும்பாலும் துடைத்தழிக்கப்பட்டது. நிலம் அதிர்ந்ததை உலகின் பல ஆய்வுகூடங்கள் சில நிமிடங்களிலேயே அறிந்திருந்தன. அவ்வறிவை இக்கரைக்குக் கொண்டுவரும் வாயில் ஒன்றேனும் இருக்கவில்லை.

அதே காலையிற் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியிற் சொன்னார். ஊரவர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வாயிலாக அதனை அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் சிதைந்தன. மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்களோ உயிர் தப்பினர். இங்கே கருதத்தக்கது ஒலிபெருக்கியின் சிறப்பு அன்று. அது மீனவர்க்குக் கடலின் நிலையை அறிவிக்க முன்பே பயன்பட்டு வந்த கருவி. அதனை இயக்கத் தெரிந்தவர் அருகில் இருந்தனர். அதன் குரலை நம்பி எழுந்து நடக்கவும் மக்கள் பழகியிருந்தனர். அலுமாரியிற் பூட்டிவைத்த கருவியொன்று அன்று அவ்வாறு உதவியிராது.

வானொலி ஆர்வலர் இயக்கத்தின் பயனும் இப்பழக்கத்திலேயே தங்கியுள்ளது. 'ஹாம்' என உலகெங்கும் வழங்கப்படும் இவ்வார்வலர், ஊதியம் கருதாது, சொந்தக் கருவியைக் கொண்டு வானலை வழியே ஒருவரோடொருவர் உரையாடுவோர். தேர்வெழுதி அரசின் அனுமதி பெற்று, தமக்கெனக் குறித்த அழைப்புப் பெயருடன் பேசுவர். வணிகச் செய்தி அனுப்புதல் கூடாது. பொருளை மறைக்கும் குழூஉக்குறியிற் பேசுதலும் கூடாது. யார் பேசுகின்றார், என்ன பேசுகின்றார் என்பதை வாங்கி வைத்திருக்கும் எவரும் கேட்கலாம்.

இலங்கைக்கு இது புதிய கலை அன்று. 1921இல் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக வந்த எட்வேட் ஹாப்பர், போரிற் கைப்பற்றிய ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் உறுப்புகளால் அமைந்த செலுத்தியைக் கொண்டு இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பார்த்தார். ஆர்வலரைத் திரட்டி வானொலிக் கழகம் ஒன்றையும் நிறுவினார். 1925 டிசம்பரிற் கொழும்பு வானொலி தொடங்கியது இம்முயற்சியின் பயனே. விளையாட்டாகத் தோன்றியதே பின்னர் நாட்டின் நிறுவனமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது. இன்று இலங்கை வானொலிச் சங்கமாக விளங்கும் ஆர்வலர் சங்கம் 1950இல் தோன்றியதாகும்.

ஆழிப்பேரலைக்குப் பின் அச்சங்கத்தினர், 4எஸ்7விகே என்னும் அழைப்புப் பெயருடைய விக்டர் குணதிலக்கவின் தலைமையில், தெற்கே அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்குமிடையே சிற்றலை வழித் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தனர். அந்தமான் தீவுகளிலும் இதனையொத்த ஒன்று நிகழ்ந்தது. உலக ஆர்வலருடன் பேசி மகிழும் நோக்கத்தோடு அம்மாதத் தொடக்கத்திற் போட்பிளேயர் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார், நிலம் அதிர்ந்ததும் பொழுதுபோக்கை விடுத்துத் தம் நிலையத்தை இடருதவிக்கு ஆக்கினார். தீவினரின் செய்திகள் பெருநிலத்திலிருந்த உறவினரை அவ்வழியே அடைந்தன. அங்கே நிலையம் அமைந்தது தற்செயல். அதனை இயக்கும் திறமை தற்செயலன்று.

கைத்தொலைபேசி பெருகிய இந்நாளிற் சிற்றலை எதற்கு என வினவுவோர் உளர். கைத்தொலைபேசி தானாகப் பேசுவதில்லை. அருகிலுள்ள கோபுரம், அக்கோபுரத்துக்கு மின்சாரம், அங்கிருந்து செல்லும் இணைப்பு ஆகிய அனைத்தும் நலமாயிருந்தாலன்றி அது வெறும் பெட்டியே. கோபுரம் நின்றாலும், இடர் வேளையில் எல்லோரும் ஒரேநேரத்தில் அழைப்பதால் வழி அடைபட்டுவிடும். ஆர்வலரின் நிலையத்துக்கு வேண்டுவன ஒரு கருவியும், 12 வோல்ற்று மோட்டார்ப் பற்றறியும், ஒரு நீளக் கம்பியுமே. நடுவில் வேறொருவர் தயவு வேண்டியதில்லை.

மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். இடையே மலைநாடு நிற்கின்றது. கைக்குள் அடங்கும் சிறுகருவிகள் பயன்படுத்தும் 144 மெகாஹேட்ஸை ஒட்டிய அலைகள் நேரே செல்வன, மலையைத் தாண்டமாட்டா. ஆயின் 7 மெகாஹேட்ஸை ஒட்டிய அலைகளை மேனோக்கிச் செலுத்தினால், அவை வானின் அயன மண்டலத்திற் பட்டு மழைபோற் கீழிறங்கி, சுற்றிலும் நானூறு கிலோமீற்றர் தொலைவு வரையான நிலத்திற் பரவும். மலை அவற்றுக்குத் தடையாகாது. இரவில் அம்மீடிறன் சிறிது நொய்ந்துபோம்; அப்போது 3.5 மெகாஹேட்ஸுக்கு மாறுதல் வழக்கம். பகலுக்கு வேண்டிய கம்பி, நடுவில் ஊட்டப்பெறும் இருபது மீற்றர் நீளமான ஒன்று. அதனை உயர்ந்த கோபுரத்திற் கட்டவேண்டும் என்பதும் இல்லை. இப்பணிக்கு ஆளுயரத்தின் இருமடங்கு, மும்மடங்கு உயரத்திற் கட்டிய கம்பியே ஏற்றது. உயரமான கம்பி அலையைத் தொலைநாட்டுக்கு வீசி அயலூரைத் தவறவிடும். சூறாவளிக்குப்பின் ஒரு தென்னையும் நிமிர்ந்து நில்லாத ஊரிலும், எஞ்சிய இரு வேலிக்கம்பங்களிற் கழிகளைக் கட்டி இதனைத் தொங்கவிடலாம். வாவியின் இருகரைகளுக்கிடையே பேசுதற்கோ முற்கூறிய கைக்கருவிகளே பெரும்பாலும் போதும்; நிலம் சமதரை, நடுவே விரிந்த நீர்ப்பரப்பு.

இவையனைத்தும் கருவியின் பாங்கு. கடினமானது பேசும் முறைமையே. இரைச்சலுக்கு நடுவே கல்லடி, கல்லாறு, கல்முனை, கல்குடா என்பவற்றைப் பிரித்தறிதல் எளிதன்று. முதலசையை மட்டும் கேட்டு, லொறியை வேற்றூருக்கு அனுப்பிவிடக் கூடும். இருபதும் அறுபதும் அவ்வாறே மயங்குவன. ஆதலாற் பயின்ற ஆர்வலர் ஊர்ப்பெயரை எழுத்தெழுத்தாகவும், எண்ணை இலக்கம் இலக்கமாகவும் சொல்வர். ஒவ்வொரு செய்திக்கும் எண், நேரம், புறப்பட்ட இடம், சேரவேண்டியவர் ஆகிய குறிப்புகள் உண்டு. பெற்றவர் அதனை முழுமையாக மீளப் படித்துக் காட்டும்வரை அது சேர்ந்ததாகக் கருதப்படாது. பல நிலையங்கள் கூடும்போது ஒன்று தலைமை ஏற்கும். அது அழைத்தாலன்றி மற்றவை வாய் திறவா. பேசுதற்குக் கிடைத்த கருவியின்முன் பேசாதிருத்தலே இங்கு முதற்பாடம். இளைஞர்க்கு இது எளிதில் வருவதன்று.

உலக நாடுகளும் இத்தொண்டை ஏற்றுள்ளன. 2003இல் ஜெனீவாவிற் கூடிய உலக வானொலி மாநாடு, இடருதவியின்போது பிறர் செய்தியை நாடுகளுக்கிடையே எடுத்துச்செல்ல ஆர்வலர்க்கு இடமளித்தது. அதற்கான ஆயத்தத்துக்கு வழிசெய்யுமாறு அரசுகளையும் ஊக்கியது. இடர்க்காலத் தொலைத்தொடர்பு பற்றி 1998இல் எழுதப்பட்ட தம்பெரே உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 2005 ஜனவரி 8இல். அலை வந்து பதின்மூன்று நாட்கள் கழிந்திருந்தன.

இருந்தும் இக்கலை வாவிக்கரையில் வேரூன்றும் வாய்ப்பைப் பெறவில்லை. 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வடகிழக்கின் பல பகுதிகளில் உலர்மின்கலமே தடைப்பொருளாயிருந்தது. வானலைக் கருவி வைத்திருத்தல் ஐயத்துக்கு இடமாயிற்று. ஒரு தலைமுறை அதனைத் தொட அஞ்சியே வளர்ந்தது. அவ்வச்சம் தம் மக்களுக்கும் சென்றிருத்தல் வியப்பன்று. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு, பெயர் சொல்லி, யாவரும் கேட்கப் பேசும் இத்தொழிலில் மறைவுக்கு இடமில்லை என்பதைப் பெற்றோர்க்கு எடுத்துரைப்பதே எந்தப் பயிற்சிக்கும் முற்பட்ட வேலையாகும்.

அதனைத் தொடங்கத்தக்க இடம் பாடசாலையே. பௌதிகம் பயிலும் உயர்தர மாணவர் மின்னும் அலையும் முன்பே கற்றவர். சாரணர்க்கும் செஞ்சிலுவைத் தொண்டர்க்கும் ஒழுங்கு புதிதன்று. அனுமதி பெறும்வரை கேட்டுப் பழகலாம். கேட்பதற்குரிய வாங்கி அதிகம் விலைபோவதில்லை. அனுமதி பெற்றபின், வாரம் ஒருநாள் குறித்த நேரத்தில் எழுவான்கரைப் பாடசாலை ஒன்றும் படுவான்கரைப் பாடசாலை ஒன்றும் அழைத்துப் பேசி, கேட்டது, கேளாதது, வானிலை, பற்றறியின் நிலை ஆகியவற்றை ஏட்டிற் குறித்து வரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவ்வேட்டுக்கு உண்மையான பயன் தோன்றும். எந்த ஊரின் குரல் எந்தத் துறையில் மறைந்துபோகின்றது, நடுவே நின்று செய்தியை மாற்றிக்கொடுக்க எவ்விடத்தில் ஓர் ஆள் வேண்டும், அவ்விடத்துக்கு வெள்ளத்தில் எவ்வழியாற் போய்ச் சேரலாம் என்பனவெல்லாம் அதன் பக்கங்களில் இருக்கும்.