தூரத்திலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் – வணிகர்கள் அறிய வேண்டியவை

நம் கடைகளில் பில் போடுவதும் இருப்புப் பார்ப்பதும் இன்று பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான். அது மக்கர் செய்தால் முன்பு மெக்கானிக் நேரில் வருவார். இப்போது இருந்த இடத்திலிருந்தே சரி செய்துவிடுகிறார்.

இதில் இரண்டு வகை உண்டு. எனிடெஸ்க் போன்றவற்றில் அவர் செய்வதை நாமும் திரையில் பார்க்கலாம். மற்றொன்று ஸ்கிரிப்ட். மாதச் சாமானுக்குச் சிட்டை எழுதுவது போல, கம்ப்யூட்டர் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிய கட்டளைப் பட்டியல் அது. 'பிரிண்டரில் தேங்கியதை நீக்கு, பில் புரோகிராமை நிறுத்தி மறுபடி துவக்கு' என்று போகும். ஒரே சிட்டையைப் பத்துக் கிளைக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். திரையில் ஒன்றும் தெரியாமலே வேலை முடிந்துவிடும். சிட்டையில் 50 கிலோ பெருங்காயம் என்றிருந்தால் கடைப் பையன் ஒரு முறை கேட்பான். கம்ப்யூட்டர் கேட்காது.

2022 இறுதியில் காவிரிப் பாலம் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டிருந்தது. ஸ்ரீரங்கம் கிளைக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதால், இங்கிருந்தே முடித்துவிடுங்கள் என்று மெக்கானிக்கிடம் நானே சொன்னேன். கிளையில் ஓரமாகக் கிடந்த பழைய கம்ப்யூட்டரிலிருந்து பழைய கணக்குகளை அழிக்க வேண்டும். அவர் கிளையின் ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்து, அங்கிருந்து பழையதன் எண்ணுக்கு ஸ்கிரிப்டை அனுப்பினார். 'முடிந்தது' என்று பதிலும் வந்தது. ஆனால் முதல் நாள் கரண்ட் போய் வந்ததில் ரௌட்டர் எண்களை மாற்றிக் கொடுத்திருந்தது. அந்த எண் கவுண்டர் கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது. அழிந்தது எங்கள் கடன் கணக்கு! பென் டிரைவில் இருந்த நகல் ஒன்பது நாள் பழையது. பல வாடிக்கையாளர்கள் தாங்களாகவே வந்து பாக்கியைச் சொன்னார்கள். மீதி போனது போனதுதான்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. எண்ணை நம்பாமல் கம்ப்யூட்டரின் பெயரைக் கேட்டு, பெயர் ஒத்துப்போனால் மட்டும் மேலே செல் என்று ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே எழுதலாம். அன்று அது இல்லை. நகல் எடுத்தாயிற்றா என்று நானும் கேட்கவில்லை. பல கவுண்டர் உள்ளவர்கள் முதலில் ஒரு கவுண்டரில் ஓட்டிப் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு அனுப்பச் சொல்லுங்கள். 'பதில் இல்லை' என்று வந்தால் பெரும்பாலும் கம்ப்யூட்டரோ இன்டர்நெட்டோ அணைந்திருக்கும். 'அனுமதி இல்லை' என்றால் பாஸ்வேர்டு அல்லது உரிமைக் கோளாறு. அதற்காக முழு உரிமையுள்ள பாஸ்வேர்டை எல்லோருக்கும் கொடுத்துவிடக் கூடாது.

2021 ஜூலையில் ஸ்வீடனில் கூப் என்னும் மளிகைக் கடை நிறுவனம் சுமார் 800 கடைகளை மூடியது. பல இடங்களிலுள்ள கம்ப்யூட்டர்களைத் தூரத்திலிருந்து பராமரிக்கும் கஸேயா என்ற மென்பொருளின் ஓட்டை வழியே திருடர்கள் நச்சு புரோகிராமை அனுப்பிவிட்டார்கள். கல்லாவில் பில் போட முடியவில்லை. மெக்கானிக்கின் கட்டளை போகும் அதே பாதையில்தான் அதுவும் போனது.

நம் நாட்டிலும் எனிடெஸ்க்கை இறக்கச் சொல்லி, அதன் எண்ணைக் கேட்டு வாங்கிப் பணம் எடுக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் எச்சரித்தது. நாமாகக் கூப்பிடாத யாருக்கும் அந்த எண்ணைச் சொல்ல வேண்டாம். வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

எங்கள் கிளையில் இப்போது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ரௌட்டரில் நிரந்தர எண் போட்டு, பெயரையும் எண்ணையும் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். தினமும் கடை சாத்துமுன் நகல் எடுத்த பென் டிரைவ் என் சட்டைப் பையில் வீட்டுக்கு வந்துவிடுகிறது.