சுகர் இருந்தால் டிரெட்மில் டெஸ்ட் எடுத்தே ஆகவேண்டுமா?

"சுகர் வந்து பத்து வருஷம் ஆச்சு. நெஞ்சுவலி எதுவும் இல்லை. ஆனாலும் ஹார்ட்டை ஒருதடவை முழுசாப் பார்த்துடலாமா டாக்டர்?" மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று எந்த கிளினிக்கிலும் கேட்கிற கேள்வி இது. உண்மையிலேயே எந்தத் தொந்தரவும் இல்லையென்றால், டிரெட்மில்லோ சி.டி. ஸ்கேனோ எல்லோருக்கும் தேவையில்லை என்பதே பதில். ஆனால் தொந்தரவு இல்லை என்பதை முதலில் சரியாக விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நாள்பட்ட சர்க்கரை, இதயத்தின் வலியைச் சொல்லும் நரம்புகளையும் மழுங்கடித்துவிடும். அதனால் மாரடைப்பே வலியில்லாமல் வந்து போகலாம். பிரிட்டனில் நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வில், சர்க்கரை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவரின் ஈசிஜியில், அவருக்கே தெரியாமல் வந்துபோன மாரடைப்பின் தடயம் இருந்தது. சென்னையில் டாக்டர் வி.மோகன் குழுவினர் செய்து 2001-ல் வெளியான ஆய்விலும், சர்க்கரை உள்ளவர்களில் 21.4 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. சர்க்கரை அளவு இயல்பாக இருந்தவர்களில் அது 9.1 சதவீதம்தான்.

சரி, எதை விசாரிப்பது? தாராவியில் பல வீடுகளின் மேல்தளத்துக்குச் செங்குத்தான இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். ஆறு மாதம் முன்பு தண்ணீர்க் குடத்தோடு ஏறியவர், இன்று வெறுங்கையோடு ஏறும்போதே பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார் என்றால், "வயசாகுது" என்று விட்டுவிடக் கூடாது. நடந்தால் வந்து உட்கார்ந்தால் போகிற 'வாயு', தாடையிலோ இடது கையிலோ முதுகிலோ பிடிப்பு, காரணம் தெரியாத களைப்பு, கால் வீக்கம் ஆகியவையும் இந்தக் கணக்கில் வரும். இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஈசிஜியில் மாற்றம் இருப்பவர்களுக்கும், பக்கவாதம் வந்தவர்களுக்கும், கால் ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கும் கூடுதல் டெஸ்ட் வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

இவை எதுவுமே இல்லாதவருக்கு ஏன் வேண்டாம்? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த டயாட் (DIAD) ஆய்வில், அறிகுறி இல்லாத 1,123 சர்க்கரை நோயாளிகளில் பாதிப்பேருக்கு இதய ஸ்கேன் எடுத்தார்கள், மீதிப்பேருக்கு எடுக்கவில்லை. 2009-ல் வெளியான முடிவு: ஏறக்குறைய ஐந்து வருடத்தில் ஸ்கேன் எடுத்தவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 3 சதவீதம் பேருக்கும் மாரடைப்போ இதயநோய் மரணமோ நேர்ந்தது. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சி.டி. ஸ்கேன் வைத்து நடந்து 2014-ல் வெளியான ஆய்விலும் தெளிவான பலன் தெரியவில்லை.

காரணம் இதுதான். டிரெட்மில் பெரும்பாலும் பெரிய அடைப்பைத்தான் காட்டும். மாரடைப்போ பல சமயம், குழாயை அவ்வளவாக அடைக்காத சின்னக் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. அந்தப் படிவை அடக்கி வைப்பவை மருந்துகள். அடைப்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நாற்பது தாண்டிய பெரும்பாலான சர்க்கரை நோயாளிகளுக்கு அவை ஏற்கெனவே தேவை. டெஸ்டில் தவறாக 'பாசிட்டிவ்' வந்தால், தேவையில்லாத ஆஞ்சியோகிராமும் கவலையும் கடனும்தான் மிச்சம்.

எது காப்பாற்றும்? டென்மார்க்கின் ஸ்டெனோ-2 ஆய்வு 160 பேரை வைத்து நடந்தது. சர்க்கரை, பி.பி., கொழுப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் பாதிப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆகவே உங்கள் ஃபைலில் பார்க்க வேண்டியவை இவை:

• பி.பி. 130/80-க்குக் கீழே இருக்கிறதா?
• எல்.டி.எல். கொழுப்பு 70-க்குக் கீழே இருக்கிறதா? ஸ்டாட்டின் மாத்திரை எழுதப்பட்டிருக்கிறதா?
• மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழே வேண்டும். முதியவர்களுக்கு டாக்டர் சற்றுத் தளர்த்துவார்.
• சிறுநீரில் ஆல்புமின் வருடம் ஒருமுறை பார்க்கப்படுகிறதா? அது கூடினால் கிட்னிக்கு மட்டுமல்ல, இதயத்துக்கும் எச்சரிக்கை.
• பீடி, குட்கா, பல் தேய்க்கிற மிஸ்ரி உட்படப் புகையிலை எல்லாவற்றையும் விட்டாயிற்றா?

சாதாரண ஈசிஜி செலவு குறைந்தது. எப்போது எடுக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். மாநகராட்சியின் 'ஆப்லா தவாகானா' கிளினிக்குகளில் டாக்டர் பார்ப்பதும் மருந்தும் இலவசம். பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் தாராவிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. திடீரென்று குப்பென்று வியர்த்து, மயக்கமாக வந்தால் 'லோ சுகர்' என்று நினைப்பது வழக்கம். மீட்டர் இருந்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் சர்க்கரை கரைத்துக் குடியுங்கள். அளவு சரியாக இருந்தும் வியர்வையும் மூச்சிரைப்பும் தொடர்ந்தால் சோடா, ஓமத் தண்ணீர் என்று நேரம் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். நெஞ்சு வலிக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.