தெரியுதா? இப்ப? போதுமா?

உடம்போடு ஒட்டிய கருவிகள் – 9

போன வாரம் பார்த்த கைக்கடிகாரங்கள் தோலிடமிருந்து தகவலை வாங்கிக்கொண்டு போகிறவை. நாடித்துடிப்பையும் தூக்கத்தையும் அவை எண்ணிக்கொண்டிருப்பது நமக்குத் தெரிவதே இல்லை. இந்த வாரம் வருபவை தோலுக்குள் கரண்ட் விடுபவை. வேலை செய்கின்றன என்பது போட்டிருப்பவருக்குத் தெரிந்தே தீரும். இவற்றைத் தயாரிப்பவர்களுக்குப் பெரிய தலைவலியும் அதுதான்.

தலைவலி என்றதும் செஃபாலி நினைவுக்கு வருகிறது. பெல்ஜியத்தில் உருவான கருவி. நெற்றியில் ஒட்டிக்கொண்டால் புருவத்துக்கு மேலே ஓடும் நரம்புக்குக் கரண்ட் கொடுக்கும். ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க இதைப் பயன்படுத்தலாம் என்று 2014-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. இதற்கு முன்னோடி யார் என்று தேடினால் ஒரு மீனில் போய் நிற்கும். கி.பி. முதல் நூற்றாண்டில், ரோமில் கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்து வைத்தியர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின் திருக்கையை வலிக்கிற இடத்தில் வைக்கச் சொன்னார். மரத்துப்போனதும் எடுத்துவிட வேண்டும். இத்தனை நிமிடம் என்று கணக்கெல்லாம் கிடையாது. நோயாளியின் தோல் சொல்வதுதான் அளவு.

அந்த அளவுகோலை விட்டு நாம் இன்னும் வெகுதூரம் வந்துவிடவில்லை. பிசியோதெரபிக்குப் போய்க் ‘கரண்ட் வைத்துக்கொண்ட’ யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முழங்காலின் இரண்டு பக்கமும் ஜெல் தடவிய பட்டைகளை வைத்து, வெல்க்ரோவால் இறுக்கிவிட்டு, அங்கே வேலை பார்க்கும் பையன் மெஷினின் குமிழைத் திருக ஆரம்பிப்பார்.

“தெரியுதாம்மா?”

“இல்லியே.”

“இப்ப?”

“ம்… லேசா.”

“இப்ப?”

“ஆ… போதும் தம்பி, போதும்.”

மெஷினில் எண் ஓடிக்கொண்டிருக்கும். அவர் கண் அதில் இருக்காது. அம்மாவின் முகத்தில் இருக்கும். சற்று நேரம் கழித்து அம்மாவே கூப்பிடுவார்: “கரண்டு நின்னு போச்சு போலிருக்கே?” நிற்கவில்லை. அதே கரண்ட்தான் ஓடுகிறது, உணர்ச்சிதான் பழகி மங்கிவிட்டது. பையன் வந்து இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டுப் போவார்.

அழுத்தம், அதிர்வு, சூடு, குளிர்ச்சி எல்லாவற்றையும் உணரத் தோலில் தனித்தனி ஏற்பாடு இருக்கிறது. கரண்டை உணர ஏற்பாடு இல்லை. சுறாவுக்கு உண்டு, நமக்குக் கிடையாது. அதனால் வெளியிலிருந்து வரும் கரண்ட், காலிங்பெல் பட்டனைத் தொடாமல் உள்ளே ஓடும் ஒயரை நேராக உரசி மணியடிக்க வைக்கிறது. முதலில் விழித்துக்கொள்பவை தொடுவுணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள். அவற்றுக்குக் குறைந்த கரண்டே போதும். கூட்டிக்கொண்டே போனால் வலியைச் சொல்லும் மெல்லிய இழைகளும் சேர்ந்துகொள்ளும். குறுகுறு என்று தொடங்கியது கிள்ளலாகி, குத்தலாகி, எரிச்சலில் போய் முடிவது இதனால்தான். சாதாரணமாக எதைத் தொட்டாலும் இத்தனை இழைகள் ஒரே தாளத்தில் ஒன்றாகத் துடிப்பதில்லை. மூளைக்கு இது புதுசு. ஒரே கருவியைப் போட்டுக்கொண்டு ஒருவர் அதிர்கிறது என்கிறார், இன்னொருவர் அரிக்கிறது என்கிறார், மூன்றாமவர் சுர்ரென்று இழுக்கிறது என்கிறார். மூன்று பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

இதில் தோலின் மேலடுக்கு வேறு தன் பங்குக்கு விளையாடும். செத்த செல்களால் ஆன அந்த அடுக்கு பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. ஆனால் கரண்டுக்குத் தோல் காட்டும் எதிர்ப்பில் பெரும்பகுதி அங்கேதான். வியர்த்தால் அந்த எதிர்ப்பு சரசரவென்று இறங்கிவிடும். பட்டையின் ஓரம் லேசாகக் கிளம்பினாலோ ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். மொத்தக் கரண்டும் ஒட்டியிருக்கிற கொஞ்சம் இடத்தில் குவிந்து ‘சுருக்’கென்று குத்தும். கருவி தானாகக் கூடிவிட்டது என்று பயப்படுகிறவர்கள் முதலில் பட்டையை அழுத்திப் பார்ப்பது நல்லது.

சரி, எவ்வளவு கூட்டினால் எவ்வளவு தெரியும்? ஹார்வர்டில் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் 1950-களிலும் 60-களிலும் ஒவ்வொரு புலனுக்கும் இந்தக் கணக்கைப் போட்டார். இருட்டறையில் ஒரு விளக்கு இரண்டு மடங்கு பிரகாசமாகத் தெரிய வேண்டுமானால் ஒளியை ஏறக்குறைய எட்டு மடங்கு கூட்ட வேண்டும். கண் அவ்வளவு நிதானம். விரல்கள் வழியே பாய்ந்த கரண்டிலோ கதை தலைகீழ். ஐந்தில் ஒரு பங்கு கூட்டினாலே உணர்ச்சி இரட்டிப்பை நெருங்கிவிட்டது. கரண்டை இரட்டிப்பாக்கினால் உணர்ச்சி பதினோரு மடங்கு. பிறகு வந்த ஆய்வுகளில் இந்த எண்கள் கூடியும் குறைந்தும் வந்திருக்கின்றன. ஆனாலும் ‘லேசா தெரியுது’ என்பதற்கும் ‘ஐயோ’ என்பதற்கும் நடுவே இருக்கும் இடம் குறுகலானது என்பதில் மாற்றமில்லை. காதுக்கு அந்த இடைவெளி, ஒலியின் ஆற்றலில் சொன்னால், லட்சம் கோடி மடங்கு.

இங்கே ஒரு சந்தேகம் எழுவது நியாயம். வீட்டு மின்சாரத்தில் அடிபட்டவர்கள் கையை விடுவிக்க முடியாமல் ஒட்டிக்கொள்வதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பொறியாளர் தன்னார்வலர்களை வைத்து அந்த எல்லையை அளந்தார். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதைத் தாண்டினால் பிடித்ததை விடமுடியாது. (நம் வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் இருக்கிறதே, அமெரிக்காவில் அந்த வகைச் சாதனத்தை உருவாக்கியவரும் இவரே.) செஃபாலி நெற்றியில் கொடுக்கும் உச்ச அளவும் 16 மில்லி ஆம்பியர். தடுப்புச் சிகிச்சையில் அதுவும் நொடிக்கு 60 தடவை. எண்கள் அச்சாக ஒன்று, விளைவு வேறு. சுவரிலிருந்து வரும் மின்சாரம் விட்டுவிடாமல் ஓடும். கையில் நுழைந்து நெஞ்சைக் கடந்து காலுக்குப் போகும். நெற்றிக் கருவியின் துடிப்பு ஒவ்வொன்றும் நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கில் அடங்கிவிடும். புருவங்களுக்கு மேலேயே சுற்றித் திரும்பிவிடும். அந்தக் குட்டித் துடிப்புக்கு நரம்பு மட்டும் பதில் சொல்கிறது.

பாதுகாப்பு சரிதான். ஆனால் பிடிக்கவேண்டுமே? செஃபாலியை வாடகைக்கு எடுத்துப் பார்த்த 2,313 பேரிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் திருப்தி என்றார்கள், மற்றவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பக்கவிளைவு என்று எதையாவது சொன்னவர்கள் 4.3 சதவீதம்தான், ஆபத்தானது ஒன்றுகூட இல்லை. அவர்கள் அதிகம் சொன்ன புகார், அந்தக் குறுகுறுப்பைத் தாங்கமுடியவில்லை என்பது. கரண்ட் பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டு மெதுவாக ஏறுவதும், போதும் என்று தோன்றும் இடத்தில் பட்டனைத் தட்டி நிறுத்திக்கொள்ள முடிவதும் இவர்களுக்காகத்தான். பிசியோதெரபி பையன் கேட்ட கேள்வியை இப்போது பட்டன் கேட்கிறது.

யார் கையில் பட்டன் என்பதும் சின்ன விஷயமில்லை. ஹார்வர்டிலேயே கர்ட் கிரே, டேனியல் வெக்னர் இருவரும் 2008-ல் வெளியிட்ட சோதனையில் எல்லோருக்கும் ஒரே அளவு ஷாக். பக்கத்து அறையில் இருப்பவர் வேண்டுமென்றே கொடுக்கிறார் என்று நம்பியவர்களுக்கு அது அதிகம் வலித்தது. அவருக்கே தெரியாமல் வருகிறது என்று நம்பியவர்களுக்குப் போகப்போகப் பழகிப்போனது. முதல் கூட்டத்துக்குப் பழகவே இல்லை.

இப்படி நம்பிக்கை உள்ளே புகுந்துவிடுகிற இடத்தில் மருந்து ஆய்வு நடத்துவது பெரும் பாடு. மாத்திரை என்றால் ஒரே மாதிரி போலி மாத்திரை செய்துவிடலாம். தோலில் ஒன்றுமே தெரியாத கருவியைக் கொடுத்தால், போலி என்று ஆள் உடனே கண்டுபிடித்துவிடுவார். நெரிவியோ என்ற இஸ்ரேலியக் கருவியில் இதற்கு வழி கண்டார்கள். மேற்கையில் கட்டிக்கொண்டு செல்போன் ஆப்பில் கூட்டிக் குறைப்பது அது. 2023-ல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. 2019-ல் வெளியான ஆய்வில் போலிக் கருவியும் கரண்ட் கொடுத்தது. தோலில் தெரியும், ஆனால் துடிப்புகள் மிக அரிதாக வரும். இரண்டு மணி நேரத்தில் தலைவலி குறைந்ததாகச் சொன்னவர்கள் அசல் கருவியில் 66.7 சதவீதம், போலியில் 38.8. நடுவே உள்ள 28 சதவீதம் கருவியின் சொந்தச் சம்பாத்தியம். அந்த 38.8-ல் தானாகத் தணிந்த வலி எவ்வளவு, ‘ஏதோ நடக்கிறது’ என்று கை சொன்னதால் குறைந்த வலி எவ்வளவு என்று இந்த ஆய்வை வைத்துப் பிரிக்க வழியில்லை.

தோலில் இருப்பது போன்ற செத்த அடுக்கு இல்லை, எப்போதும் ஈரம், சில வோல்ட் போதும் என்று கரண்டுக்கு ரொம்பத் தோதான இடம் ஒன்று உடம்பில் உண்டு. நாக்கு. அதன்மேல் நானூறுக்குக் கொஞ்சம் குறைவான மின்முனைகளை வைத்து, பார்வையற்றவர்களுக்கு எதிரில் இருப்பதை ‘வரைந்து’ காட்டும் கருவி இருக்கிறது. அதைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)