செயல்திறன் கார்களும் புகை விதியும்
புது தில்லி: கார் நிறுவனங்களின் செயல்திறன் பிரிவுகள் பெரும்பாலும் புதிய காரை உருவாக்குவதில்லை, விற்பனையிலுள்ள காரின் என்ஜின், கியர், சஸ்பென்ஷனை மேம்படுத்திக் குறைந்த எண்ணிக்கையில் தயாரிக்கின்றன.

டாடா மோட்டார்ஸ், கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸுடன் சம பங்கில் 2017-ல் கூட்டு நிறுவனம் அமைத்தது. அதன் டியாகோ, டிகோர் ஜே.டி.பி. கார்கள் 1.2 லிட்டர் டர்போ என்ஜினுடன் 2018 அக்டோபரில் அறிமுகமாயின. அதே மாதம், 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-4 வாகன விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

புதிய விதிக்கேற்ப என்ஜினை மாற்றிச் சான்று பெறும் செலவு, விற்பனை குறைவு என்பதற்காகக் குறைவதில்லை. ஜே.டி.பி. கார்கள் பி.எஸ்.-6க்கு மாறாமலே 2020-ல் விடைபெற்றன. ஜெயத்தின் பங்கையும் டாடாவே வாங்கியது.

தூய காற்றுக்கு விதி தேவையே. அதன் சுமை சிறு எண்ணிக்கையில் தயாரிப்போருக்கே அதிகம் என்பதையும் விதி வகுப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும்.