மேட்டூர் பாதியா, கால்வாசியா? கணக்கைக் கண்ணால் பார்ப்போம்

காலையில் எழுந்ததும் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்காத உழவர் சேலம், நாமக்கல் பக்கம் குறைவு. முழு மட்டம் 120 அடி. 60 அடி என்று செய்தி வந்தால் "அணை பாதி இருக்குது" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறோம். பாதி இல்லைங்க. முழு அணை 93.47 டி.எம்.சி. கொள்ளும். 60 அடியில் இருப்பது சுமார் 25 டி.எம்.சி.தான். ஆனால் 100 அடிக்கு மேலே உள்ள கடைசி 20 அடியில் மட்டும் சுமார் 28 டி.எம்.சி. நிற்கும். மேல் 20 அடி, கீழ் 60 அடியை விடப் பெரிது!

எப்படி என்று வாயால் விளக்கினால் நேரம்தான் போகும். ஒரு தாளில் அணையைக் குறுக்கே வெட்டினது போல் வரைந்து பாருங்க. அடியில் குறுகலான ஆற்றுப்பள்ளம், மேலே போகப்போக இரண்டு பக்கமும் விரிகிற சரிவு. புனல் மாதிரி. உடனே புரிந்துவிடும். சரிவான கரை வைத்து வெட்டிய பண்ணைக்குட்டையும் இதே கதைதான்; பாதி ஆழம் தண்ணீர் இருந்தால் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று நம்பி நடவு போட்டால், பயிர் நடுவில் நிற்கும். நேராக இறங்கும் கிணற்றில் மட்டும் பாதி என்றால் பாதி.

மழைக் கணக்கும் அப்படித்தான். 25 மில்லிமீட்டர் மழை என்றால் காதில் விழுகிறது, மனதில் நிற்பதில்லை. ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 4,000 லிட்டர். 25 மில்லிமீட்டருக்கு ஒரு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி எட்டு வரிசையாக வந்து உங்கள் ஒரு ஏக்கரில் கொட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்க. வரப்பு உடைந்து கிடந்தால் அதில் எத்தனை லாரி ஓடைக்குப் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இதை ஊர்கூடிச் செய்து காட்டியவர்கள் ஆந்திர உழவர்கள். 2003க்குப் பிறகு, அனந்தப்பூர், சித்தூர், கர்னூல் உள்ளிட்ட ஏழு வறட்சி மாவட்டங்களில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு ஒரு திட்டம் நடந்தது. மழையை அளந்தது, கிணறு, போர் மட்டத்தை அளந்தது எல்லாமே உழவர்கள்தான். அளந்ததை நோட்டில் பூட்டி வைக்காமல், ஊர்ப் பொது இடத்தில் எல்லோரும் பார்க்கும்படி எழுதினார்கள். பருவம் தொடங்கும் முன் கூடி, நிலத்தடியில் இருப்பு இவ்வளவு, நினைத்திருக்கும் பயிருக்கெல்லாம் சேர்த்துத் தேவை இவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நெல் போடாதே என்று யாரும் யாரையும் தடுக்கவில்லை. பற்றாக்குறையைக் கண்ணால் பார்த்த பலர் தாங்களாகவே தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறினார்கள். சட்டம் போட்டுச் செய்ய முடியாததை ஒரு சுவர் செய்தது என்றே சொல்லுவேன்.

நம்ம மண்ணும் பாறை மண்தான். தண்ணீர் நிற்பது மேலே உள்ள மக்கின பாறையிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டும். அதனால் ஆயிரம் அடி இறக்குவதற்கு முன்னால் ஒரு சுவரை ஒதுக்குங்க. பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம். நடுவில் ஒரு கோடு, அதுதான் தரைமட்டம். அந்த மாதம் பெய்த மழையைக் கோட்டுக்கு மேலே தூணாக வரையுங்க. கிணற்று மட்டத்தைக் கோட்டுக்குக் கீழே புள்ளியாக வையுங்க; தண்ணீர் இறங்கினால் புள்ளியும் இறங்கும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். அளக்க ஒரு கயிறும் கல்லும் போதும். முதல் நாள் சாயங்காலமே மோட்டாரை நிறுத்திவிட்டு, விடிந்ததும் அளக்க வேண்டும். ஓடுகிற மோட்டாரோடு அளந்த மட்டம் மட்டமே இல்லை.

இரண்டு வருசம் வரைந்தால் சுவர் பேச ஆரம்பிக்கும். போன வருசம் மாசியில் நின்ற மட்டத்தில் இந்த வருசம் தையிலேயே புள்ளி நின்றால், நீங்கள் ஒரு மாதம் பின்தங்கி இருக்கிறீர்கள். அந்த நேரத்தில் சித்திரை, வைகாசி வெயிலைத் தண்ணீரோடு தாண்ட வேண்டிய குச்சிக்கிழங்கை முழுக் காட்டிலும் ஊன்றலாமா, பாதியில் ஊன்றி மீதியில் மாசிப்பட்டத்துக்கு எள் தூவலாமா என்பதை அந்தப் புள்ளியைப் பார்த்துப் பேசலாம். மழைத்தூண் அதே உயரம், புள்ளி மட்டும் வருசா வருசம் கீழே என்றால், குறை வானத்தில் இல்லை. சுற்றி எத்தனை போர் புதிதாக இறங்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்க.

படம் பூச்சிக்கும் உதவும். 1854இல் லண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்தார். குறிகள் ஒரு தெருக்குழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன. நோய் தண்ணீரில் வருகிறது என்ற அவர் வாதத்துக்கு அந்தப் படம் பெரிய பலம். குச்சிக்கிழங்கில் மாவுப்பூச்சி வந்தால் நாமும் காட்டை ஒரு தாளில் வரைந்து, வாரம் ஒருமுறை நடந்து, கண்ட இடத்தில் புள்ளி வைக்கலாம். ஒரு வரப்போரம் மட்டும் தொடங்கினால் பக்கத்துக் காட்டிலிருந்து வந்திருக்கலாம். ஊன்றின சில வாரத்திலேயே காடு முழுக்கச் சிதறித் தெரிந்தால் முதலில் விதைக்குச்சியைச் சந்தேகப்படுங்க. முழுக் காட்டுக்கும் கரைசல் அடிக்கிற செலவும் கூலியும் அதில் மிச்சம். பொறிவண்டு கண்ட இடத்தையும் வேறு நிறத்தில் குறியுங்க. அங்கே கரைசலோடு போகாமல் இருப்பதே நல்லது.

படம் பொய்யும் சொல்லும். கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தில் இரண்டு தூண் இருக்கும், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. மருந்து அடிக்காத காடு 27 மூட்டை, அடித்த காடு 30 மூட்டை என்று வைத்துக்கொள்வோம். தூணை 25இலிருந்து தொடங்கி வரைந்தால் ஒன்றைவிட மற்றொன்று இரண்டரை மடங்கு உயரம் தெரியும். அடியில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்க. பூச்சியத்திலிருந்து நீங்களே திரும்ப வரையுங்க. இரண்டு தூணும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான் நிற்கும். பிறகு அந்த மூன்று மூட்டையின் விலை ஒரு தூண், மருந்துக்கும் அடித்த ஆளுக்கும் ஆன செலவு பக்கத்தில் ஒரு தூண்.