பேனா மூடியைப் பின்னால் செருகலாமா?

மை பேனாவைத் திறந்ததும் மூடியைப் பின்புறம் செருகிக்கொள்வது பலருக்குப் பள்ளிக்கால வழக்கம். அது சரியா என்பது பேனாவைப் பொறுத்தது.

ஜெர்மனியின் காவெக்கோ ஸ்போர்ட் பேனா, மூடியோடு சுமார் பத்தரை சென்டிமீட்டர்தான். மூடியைப் பின்னால் செருகினால் 13 சென்டிமீட்டருக்குமேல் நீளும். செருகாவிட்டால் பெரியவர்களின் கைக்கு எட்டாது. அதன் அமைப்பே அப்படி. நீண்ட பேனாவில் கதை வேறு. கனத்த உலோக மூடி ஏறினால் பாரம் பின்னுக்குச் சாயும், விரல்கள் இறுக்கிப் பிடிக்கும். இரண்டு மணி நேரம் தேர்வெழுதும் பிள்ளைக்குக் கை வலிக்காமல் என்ன செய்யும்?

தாத்தா விட்டுச்சென்ற எபனைட் பேனாவுக்குத்தான் கவனம் அதிகம் தேவை. எபனைட் என்பது கந்தகம் மிகுதியாகச் சேர்த்து இறுக்கிய ரப்பர். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் பால்மரம் வெட்டி எடுத்த அதே ரப்பர்தான்! ஆந்திராவின் ராஜமுந்திரியில் 1930களிலேயே ரத்னம் பேனாக்கள் எபனைட்டில் கடையப்பட்டன. இத்தகைய பேனாவில் மூடியை அழுத்திச் செருகினால் உடலில் வளையமாகத் தேய்மானம் விழும். மூடியின் மெல்லிய விளிம்பு நாளடைவில் விரிசல் விடும். பிறகு காற்று புகுந்து நிப்பில் மை காயும். பழைய பேனாவுக்கு மாற்று மூடி கிடைப்பது குதிரைக் கொம்பு.

ஆகவே அதன் மூடியை மேசையில் வைத்துவிட்டே எழுத வேண்டும். கிளிப் கீழே படும்படி வைத்தால் உருண்டு விழாது.