கழுத்தில் உறுத்தும் சாட்சி

புதுச் சட்டை வாங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, கழுத்தில் உறுத்தும் லேபிளைக் கத்தரித்துக் குப்பையில் போடுவது. இரண்டாவது துவைப்பில் துணி சுருங்கி, கடைக்காரர் "வெந்நீர்ல ஊற வெச்சிருப்பீங்க மேடம்" என்று ஒரே போடாகப் போடும்போதுதான் அந்தத் துண்டின் அருமை தெரியும்.

ஐஎஸ்ஓ 3758 என்ற சர்வதேசத் தரத்தின்படி, துணிக்கு மீளாத சேதம் வராமல் எதுவரை போகலாம் என்பதையே லேபிள் குறிகள் சொல்கின்றன. தொட்டி என்றால் துவைப்பு, முக்கோணம் பிளீச்சிங், சதுரம் உலர்த்துவது, இஸ்திரிப் பெட்டி தேய்ப்பது, வட்டம் டிரை கிளீனிங். மேலே பெருக்கல் குறி இருந்தால் அந்த வேலையே கூடாது. தொட்டிக்குள் 30 என்றிருந்தால் தண்ணீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சித்திரை வெயிலில் நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே அதைத் தாண்டிவிடும், அது வேறு கதை.

ஒவ்வொரு வரம்புக்கும் இழையில் காரணம் இருக்கிறது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் ஒரே திசை பார்த்து அடுக்கியிருக்கும். வெந்நீரில் போட்டு அலசினால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நகரும். செதில்கள் பின்னால் வர விடாது. பெரியவர் ஸ்வெட்டர் பிள்ளைக்கு ஆகிவிடும், பிறகு எத்தனை இழுத்தாலும் நீளாது. ரேயான் குர்தி நனைந்தால் தன் வலிமையில் ஏறத்தாழ பாதியை இழக்கிறது. அதை முறுக்கிப் பிழிந்து உதறினால் தையலோரம் விட்டுப்போவதில் ஆச்சரியமில்லை. வெள்ளையாக்கும் குளோரின் பிளீச் பருத்தியை ஓரளவு விட்டுவைக்கும். பட்டும் கம்பளியும் புரத இழைகள் என்பதால் அவற்றைக் கரைத்தே விடும். லெக்கிங்ஸில் உள்ள ஸ்பாண்டெக்ஸும் அதில் பழுத்து, இழுவை போய்விடும்.

பட்டுப் புடவையில் இந்தக் குறிகளைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. சில்க் மார்க் முத்திரை பட்டு அசல் என்பதற்கு மட்டுமே சாட்சி. எப்படித் துவைப்பது என்று அது சொல்லாது. அதைக் கடைக்காரரிடமே கேட்டு, பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

லேபிள் சொன்னபடி துவைத்தும் சாயம் போனால் குறை துணியில். வரம்பை நாம் மீறியிருந்தால் குறை நம்முடையது. டிரை கிளீனிங் கூடாது என்ற குறியைப் பார்க்காமல் லாண்டரிக்காரர் கெடுத்தால் அது சேவைக் குறைபாடு. பழி யார்மீது என்பதை ஒரு அங்குலத் துணி முடிவு செய்கிறது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பலகையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும். பில் தராததும் முறையற்ற வணிக நடைமுறையே. ஆனால் நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக இந்தச் சட்டம் கைகொடுக்காது; அந்தச் சலுகை கடைக்காரரின் தயவு.

கடை இறங்கி வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. சோதித்தால்தான் குறை தெரியும் என்றால் ஆணையமே துணியை ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆகவே கெட்டுப்போன துணியை மறுபடி துவைக்காதீர்கள், கரித்துணியாக்கிவிடவும் வேண்டாம்.

லேபிள் உறுத்தத்தான் செய்யும். சட்டையில் இருக்கும்போதே போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு கத்தரித்துப் பில்லோடு பின் போட்டு வையுங்கள்.